லண்டன் கோடை இரவுகள்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 ஜனவரியில் மாணவர் விசாவில் லண்டனுக்கு வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியேறினேன். மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தைப் போர்வைக்குள் கழித்தவனுக்கு, ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெயில் அடித்தது நம்ப முடியாததாக இருந்தது. நகரம் முழுவதும் வெளியே வந்து நின்றது. நானும் வெளியே வந்தேன். அந்த ஒரு கோடையில் மட்டும் ஒரு வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டேன், ஓர் இரவு நடுத்தெருவில் நின்றேன், மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் கிடைத்திருக்க வேண்டிய ரயில் சீட்டை முழு விலைக்கு வாங்கினேன். அவற்றை நீங்களும் பட்டுத்தான் கற்க வேண்டும் என்பதில்லை. கீழே உள்ள விலைகள் அனைத்தும் 2025 கோடையில் இருந்தவை. பயணக் கட்டணங்கள் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் அடையாள ஆவணம்

நுழைவுச் சீட்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. மது விற்கும் இடங்களில் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் ஆவணம் கேட்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். உங்களுக்கு 29 வயதாகியிருந்தாலும் மீசையை எடுத்திருந்தால் கேட்பார்கள். நீங்கள் குடிக்கப்போவதில்லை, பாட்டுக் கேட்க மட்டுமே வந்திருக்கிறீர்கள் என்று சொல்வதால் பயனில்லை, ஏனெனில் இரவு நேரத்தில் வாசலிலேயே ஆவணத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

பழைய மாணவர்கள் தங்கள் பர்ஸில் வைத்திருந்த வசிப்பு உரிம அட்டை இப்போது வழக்கொழிந்துவிட்டது. நமக்குக் கிடைப்பது இ-விசா, அதாவது இணையத்தில் உள்ள ஒரு பதிவு. அதை வாசல் காவலரிடம் காட்டிப் பயனில்லை. பல்கலைக்கழக அட்டையும் பெரும்பாலும் செல்லாது. செல்பேசியில் வைத்திருந்த பாஸ்போர்ட் படத்தை நம்பி நான் கேம்டனில் ஓர் இசை அரங்கின் வரிசையில் நாற்பது நிமிடம் நின்றேன். காவலர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை, "அசல் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நகர்த்திவிட்டார். சீட்டுக்குக் கொடுத்த 16 பவுண்டு திரும்பவில்லை.

அசல் பாஸ்போர்ட்டை இரவில் சட்டைப்பையில் சுமந்து திரிவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொலைந்தால் தூதரகம், காவல் நிலையம், புதிய விண்ணப்பம் என்று ஒரு கோடையே போய்விடும். அதற்கு மாற்றாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கற்றுநர் ஓட்டுநர் உரிமம். இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்டு, அஞ்சல் வழியானால் 43 பவுண்டு. இந்நாட்டில் குறைந்தது 185 நாட்கள் வசிக்க உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். கார் ஓட்டும் எண்ணமே இல்லாதவர்களும் அடையாளத்துக்காகவே இதை வாங்குகிறார்கள். மற்றொன்று, 'பாஸ்' என்ற ஒளிர்முத்திரை பதித்த வயதுச் சான்று அட்டை. எதை எடுத்தாலும் மே மாதத்திலேயே விண்ணப்பியுங்கள். ஆவணச் சரிபார்ப்புக்காகப் பாஸ்போர்ட்டை அஞ்சலில் அனுப்பச் சொன்னால், அது திரும்பி வரும்வரை வெளிநாட்டுப் பயணமோ ஊருக்குப் போகும் திட்டமோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. வீடு திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த நிகழ்ச்சிக்குப் போகலாம் என்று தேடுவதற்கு முன், எந்த நேரம் வரை எந்த வண்டி உங்கள் தெருவுக்கு வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வார நாட்களில் சுரங்க ரயில் ஏறத்தாழ நள்ளிரவுக்குச் சற்றுப் பின் நின்றுவிடும். ஞாயிறன்று அதற்கும் முன்பே. இரவு முழுவதும் ஓடும் 'நைட் டியூப்' வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் ஐந்து தடங்களில் மட்டும்: சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்கடில்லி, விக்டோரியா. இவற்றில் ஜூபிலியும் விக்டோரியாவும்தான் முழுத் தடத்திலும் ஓடுகின்றன. நார்தர்ன் தடத்தில் சேரிங் கிராஸ் வழி மட்டும் உண்டு, பேங்க் வழி கிடையாது. சென்ட்ரல் தடம் மேற்கே ஈலிங் பிராட்வே வரை போகும், வெஸ்ட் ரைஸ்லிப் பக்கம் போகாது. பிக்கடில்லி ஹீத்ரோவுக்குப் போகும், ஆனால் நான்காம் முனையத்துக்குப் போகாது.

நம்மவர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளை வைத்துச் சொன்னால், டூட்டிங்கில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். நார்தர்ன் தடம் அவர்களை வாசலிலேயே இறக்கிவிடும். வெம்ப்ளியில் இருப்பவர்களுக்கு வெம்ப்ளி பார்க் வரை ஜூபிலி உண்டு. ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் போன்றவர்களுக்கு டிஸ்ட்ரிக்ட், ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி தடங்கள்தான். அவற்றில் நைட் டியூப் கிடையாது. நமக்குக் கதி என்15 என்ற இரவுப் பேருந்து.

இங்கே எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. 'சனி இரவு' என்றால் ஞாயிறு விடியற்காலை வரை. ஞாயிறு இரவு கணக்கில் வராது, மறுநாள் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தாலும். மே மாத இறுதியில் நீண்ட வார விடுமுறை என்ற தைரியத்தில் ஞாயிறு இரவு ஒரு மணிக்குக் கேம்டன் டவுன் நிலையத்துக்கு வந்தேன். இரும்புக் கதவு இழுத்துச் சாத்தப்பட்டிருந்தது. அதன் முன் என்னைப் போலவே ஏமாந்த ஆறேழு பேர் செல்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்29 பேருந்தில் டிரஃபால்கர் சதுக்கம் வந்து, அங்கிருந்து என்15 பிடித்து வீடு சேரும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஒரே ஆறுதல், இரண்டு பேருந்துக்கும் சேர்த்து 1.75 பவுண்டுதான் ஆனது. அது எப்படி என்பது அடுத்த பகுதியில்.

டாக்சி எடுப்பதானால் ஒரு விதியை மறக்காதீர்கள்: கூரையில் விளக்கு எரியும் கறுப்பு டாக்சியை மட்டுமே தெருவில் கைகாட்டி நிறுத்தலாம். மற்ற வாடகைக் கார்கள் முன்பதிவு செய்தால் மட்டுமே சட்டப்படி செல்லும். அரங்க வாசலில் "டாக்சி, டாக்சி" என்று மெல்லக் கேட்டுக்கொண்டு நிற்பவருடைய காரில் ஏறாதீர்கள். அவருக்கு உரிமம் இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது, விபத்து நேர்ந்தால் காப்பீடும் செல்லாமல் போகலாம்.

3. பயண அட்டையும் கட்டணமும்

பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை. வங்கி அட்டை, செல்பேசி, முன்பணம் ஏற்றிவைக்கும் ஆய்ஸ்டர் பயண அட்டை ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டுத்தான் ஏற வேண்டும். ஒரு பேருந்துப் பயணம் 1.75 பவுண்டு, முதல் முறை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பேருந்துகளுக்குக் கட்டணம் இல்லை. பேருந்தில் மட்டும் சுற்றினால் ஒரு நாளைக்கு 5.25 பவுண்டுக்கு மேல் கழிக்கப்படாது. அந்த 'நாள்' அதிகாலை 4.30க்குத் தொடங்கி மறுநாள் 4.29க்கு முடிகிறது, ஆகவே நள்ளிரவு தாண்டி வீடு திரும்பும் பயணமும் முந்தைய நாளின் உச்சவரம்புக்குள்ளேயே அடங்கும்.

ஒரே வங்கி அட்டையாக இருந்தாலும், பிளாஸ்டிக் அட்டையைத் தொடுவதும் செல்பேசியில் உள்ள அதே அட்டையைத் தொடுவதும் இரண்டு வெவ்வேறு கணக்குகள். சுரங்க ரயிலில் ஏறும்போது அட்டை, இறங்கும்போது செல்பேசி என்று மாற்றினால், முடிவடையாத இரண்டு பயணங்களாகப் பதிவாகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். இரவில் செல்பேசி மின்சாரம் தீர்ந்துபோவது சகஜம் என்பதால், அட்டையையே பயன்படுத்துங்கள். ஊர் வங்கி அட்டையில் ஒவ்வொரு தொடுகைக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் சேரக்கூடும். உள்ளூர் வங்கிக் கணக்கு திறக்கும்வரை ஆய்ஸ்டர் நல்லது.

மாணவர்களுக்கான 18 வயதுக்கு மேற்பட்டோர் ஆய்ஸ்டர் அட்டை 30 சதவீதத் தள்ளுபடி தருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அது வார, மாதப் பயணச் சீட்டுகளுக்கு மட்டுமே. அவ்வப்போது தொட்டு ஏறும் பயணத்துக்கு அதனால் ஒரு காசும் குறையாது. அதற்குப் பதிலாக 35 பவுண்டு கொடுத்து 16–25 ரயில்கார்டு என்ற ரயில் தள்ளுபடி அட்டையை வாங்கி, சுரங்க ரயில் நிலைய ஊழியரிடம் கொடுத்து உங்கள் ஆய்ஸ்டரோடு இணைக்கச் சொல்லுங்கள். நெரிசலற்ற நேர ரயில் பயணங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயதைத் தாண்டியவர்களும் முழுநேர மாணவர்களாக இருந்தால் இதை வாங்கலாம். கல்வி நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் தேவைப்படும்.

4. எட்டு பவுண்டுக்கு ப்ராம்ஸ்

இந்த நகரத்தில் கொடுத்த காசுக்கு மிக அதிகமாகக் கிடைக்கும் இடம் எதுவென்று கேட்டால், ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடக்கும் பிபிசி ப்ராம்ஸ் என்று தயங்காமல் சொல்வேன். ஜூலை நடுவில் தொடங்கி எட்டு வாரம், ஏறத்தாழ தினமும் மேற்கத்திய செவ்வியல் இசைக் கச்சேரி. 2025இல் ஜூலை 18 முதல் செப்டம்பர் 13 வரை நடந்தது. இருக்கைச் சீட்டுகள் விலை கூடியவை, மே மாதத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். நமக்கானது நின்று கேட்கும் சீட்டு: முன்பதிவுக் கட்டணம் உட்பட 8 பவுண்டு, அன்றன்றைக்கு விற்பனை.

காலை 10.30க்கு அரங்கின் இணையதளத்தில் அன்றைய சீட்டுகள் திறக்கும். 10.20க்கே கணக்கில் நுழைந்து, பெயரும் அட்டை விவரமும் முன்கூட்டியே பதிந்து வைத்திருங்கள். புகழ்பெற்ற இசைக்குழு வரும் நாளில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்; நவீன இசையமைப்பாளர்களின் புதிய படைப்புகள் உள்ள வார நாட்களில் மதியம் வரைகூடக் கிடைக்கும். நிற்பதற்கு இரண்டு இடங்கள் உண்டு. அரீனா என்பது மேடைக்கு நேர் முன்னால் உள்ள நடுத்தளம். இசைக்குழுவை இயக்கும் கண்டக்டரின் நெற்றி வியர்வை தெரியும் தூரம். கேலரி என்பது கூரைக்குக் கீழே உள்ள உச்சி வட்டம். மேடை தீப்பெட்டி அளவில் தெரியும், ஆனால் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு கேட்கலாம், பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். வேலை முடித்து வரும் நாட்களில் எனக்குக் கேலரியே போதுமாக இருந்தது.

சவுத் கென்சிங்டன் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. தட்டையான செருப்போ காலணியோ அணியுங்கள், இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். சிறிய பை மட்டும் கொண்டுபோங்கள். சபை ஒழுங்கு நம் சபாக்களைப் போல இருக்காது. முதல் நாள் அரீனாவில் பழக்க தோஷத்தில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற முதியவர் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்விட்டது. அங்கே பாராட்டை முடிவு வரை தேக்கி வைக்க வேண்டும். "ஆஹா" சொல்ல இடமில்லை.

வெள்ளிக்கிழமை சீட்டு கிடைக்காமல் போனால் வருந்த வேண்டாம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வெள்ளியன்று இரவு பத்து மணி வரை திறந்திருக்கும், அனுமதி இலவசம். அதே நாளில் நேஷனல் கேலரி ஒன்பது வரை, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் எட்டரை வரை.

5. சிறிய அரங்குகளில் நேரடி இசை

கேம்டன், பிரிக்ஸ்டன், சோஹோ, டால்ஸ்டன் ஆகிய நான்கு பகுதிகளைச் சுற்றினாலே ஒரு கோடை போதாது. கேம்டனுக்கு நார்தர்ன், பிரிக்ஸ்டனுக்கு விக்டோரியா என்று நைட் டியூப் உண்டு. டால்ஸ்டனுக்கு வெள்ளி, சனி இரவுகளில் விண்ட்ரஷ் தடத்தின் ஓவர்கிரவுண்ட் ரயில் ஓடுகிறது. சோஹோவில் ஃப்ரித் தெருவில் உள்ள ரோனி ஸ்காட்ஸ் ஜாஸ் பிரியர்களுக்குக் கோயில் மாதிரி. முதன்மைக் காட்சிக்கான விலை மாணவருக்குக் கட்டாது, பின்னிரவு நிகழ்ச்சிக்குக் குறைந்த விலையில் உள்ளே போகலாம்.

சீட்டில் அச்சிட்டிருப்பது கதவு திறக்கும் நேரம், பாட்டுத் தொடங்கும் நேரம் அன்று. ஏழு மணி என்று போட்டிருந்தால் முதன்மைக் குழு மேடையேற ஒன்பதாகலாம். இடையில் ஒன்றிரண்டு துணைக் குழுக்கள் வாசிக்கும். அரங்கங்கள் தங்கள் பக்கத்தில் அன்று காலை நேரப் பட்டியலை வெளியிடுவது வழக்கம், அதைப் பாருங்கள். விலையைப் பார்க்கும்போது பணம் செலுத்தும் கடைசித் திரையில் வரும் மொத்தத் தொகையை மட்டும் நம்புங்கள். சீட்டு தீர்ந்துபோன நிகழ்ச்சிக்கு, முகம் தெரியாதவர் படமாக அனுப்பும் சீட்டை வாங்காதீர்கள். ஒரே குறியீட்டை ஐந்து பேருக்கு விற்பவர்கள் உண்டு, முதலில் வந்தவர் மட்டுமே உள்ளே போவார். அச்சிட்ட விலைக்கு மறுவிற்பனை செய்யும் அதிகாரபூர்வத் தளத்திலோ அரங்கின் காத்திருப்புப் பட்டியலிலோ பெயரைப் பதியுங்கள்.

பெரிய அரங்குகளில் ஏ4 தாளைவிடப் பெரிய பையை விடமாட்டார்கள். மேலங்கி வைக்கும் அறைக்குச் சில பவுண்டு ஆகும். காதடைப்பான் ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். வெளியே வந்ததும் நடைபாதை ஓரத்தில் நின்று செல்பேசியில் வரைபடம் பார்க்காதீர்கள். மின்சைக்கிளில் வந்து பறித்துச் செல்பவர்கள் அந்த நேரத்துக்காகவே காத்திருக்கிறார்கள். சுவரோரம் ஒதுங்கி நின்று பாருங்கள். பெண்களுக்கு ஒரு குறிப்பு: யாராவது தொல்லை கொடுத்தால், பல இடங்களில் ஊழியரிடம் சென்று "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டால் போதும், உதவி வேண்டும் என்பதற்கான சங்கேதம் அது.

6. பப்பில் காசு கரையும் விதம்

மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் விடிந்துவிடும். பெரும்பாலான பப்களில் நீங்களே கல்லாவுக்குப் போய்ச் சொல்லி, உடனே பணம் கொடுத்து வாங்கி வர வேண்டும். ஒரு பைன்ட் பீர் என்பது 568 மில்லி. நகர மையத்தில் 6 முதல் 8 பவுண்டு வரை. பெரிய செலவு அதில் இல்லை, 'ரவுண்ட்' என்ற வழக்கத்தில் இருக்கிறது. ஐந்து பேர் போனால் ஒவ்வொருவரும் முறை வைத்து ஐவருக்கும் வாங்க வேண்டும். உங்கள் முறை வரும்போது ஒரே மூச்சில் 35 பவுண்டு போகும். பிறர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு முறை வரும் முன் கிளம்புவது இங்கே மிகக் கேவலமாகக் கருதப்படும். கையில் பணம் இல்லாத நாளில், முதலிலேயே "எனக்கானதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். குடிக்காதவர்கள் எலுமிச்சைச் சாறு கலந்த சோடா கேட்கலாம், மிக மலிவு. மது விற்கும் இடங்களில் வாடிக்கையாளர் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பல பப்களில் பதினொரு மணியளவில் மணியடித்தால் அதுதான் கடைசி வாய்ப்பு.

7. சீட்டே இல்லாத தெருத் திருவிழாக்கள்

ஆகஸ்டின் கடைசித் திங்களன்றும் அதற்கு முந்தைய ஞாயிறன்றும் நடக்கும் நாட்டிங் ஹில் கார்னிவலுக்கு நுழைவுச் சீட்டு கிடையாது. முதல் முறை போகிறவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் ஞாயிறன்று காலையிலேயே போய்விடுங்கள். திங்கள் மதியத்துக்கு மேல் கூட்டம் கழுத்தை நெரிக்கும். லேட்ப்ரோக் குரோவ் நிலையத்தை அந்த இரு நாளும் மூடிவிடுவார்கள், சுற்றுப்புற நிலையங்களிலும் கட்டுப்பாடு உண்டு; பாடிங்டனில் இறங்கி நடப்பது நிம்மதி. வீடுகளின் முகப்பில் பலகை அடித்து மூடியிருப்பதைப் பார்த்துக் கலவரமோ என்று பயப்பட வேண்டாம், அது ஆண்டுதோறும் செய்யும் முன்னேற்பாடு. சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள்: கழிப்பறைக்கு நீண்ட வரிசை நிற்கும், சில வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக் கழிப்பறையைச் சில பவுண்டுக்குத் திறந்துவிடுவார்கள்.

ஊர் நினைப்பு வாட்டுகிறவர்களுக்கு ஆகஸ்டில் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர் இருக்கிறது. மேற்கு ஈலிங் தெருவில் தேர் அசைந்து வரும்போது நாதஸ்வரமும் தவிலும் கேட்கும். கோடையில் நான் கேட்ட நேரடி இசையில் அதையும் சேர்த்தே எண்ணுகிறேன். காரில் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

8. ஒரு நாள் கடற்கரை

பிரைட்டனுக்கு விக்டோரியா அல்லது லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆய்ஸ்டர் கேட்விக் விமான நிலையம் வரைதான் செல்லும். அதையே நம்பி உட்கார்ந்திருந்தால் அபராதம். தனியாகச் சீட்டு வாங்குங்கள். ரயில்கார்டுக்கு வார நாட்களில் காலை பத்து மணிக்கு முன் 12 பவுண்டு குறைந்தபட்சக் கட்டணம் என்ற நிபந்தனை உண்டு. ஜூலை, ஆகஸ்டில் அது கிடையாது. இதை அறியாமல் ஜூலையில் காலைப் பயணத்துக்கு நான் கார்டையே காட்டாமல் முழு விலை கொடுத்தேன். ரயில்கார்டு இல்லாத மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால், நெரிசலற்ற நேரத்தில் குழுச் சலுகையில் அதே மூன்றில் ஒரு பங்கு குறையும். வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்பு நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், பயணம் இரட்டிப்பாகும். முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

9. நீங்களே பாடுபவர், வாசிப்பவர் என்றால்

இதைக் கடைசியில் வைத்தாலும் இதில் சறுக்கினால் இழப்பது சீட்டுக் காசு மட்டுமல்ல. மிருதங்கமோ கீபோர்டோ வாசிப்பவர் என்று தெரிந்தால், திருமண வரவேற்பு, பிறந்தநாள் விழா, உணவக மேடை என்று அழைப்புகள் வரும். "கையில் நூறு பவுண்டு தருகிறோம் தம்பி" என்பார்கள். மாணவர் விசாவில் கேளிக்கைக் கலைஞராகப் பணிபுரியவும் சுயதொழில் செய்யவும் அனுமதி இல்லை. பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்ற பட்டப்படிப்பு மாணவருக்கான சலுகை இதற்குப் பொருந்தாது. கோடை விடுமுறை என்பதாலும் விதி தளராது. பணம் வாங்காமல் வாசித்தால் பிரச்சினை இல்லை என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளவும் வேண்டாம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசனைப் பிரிவுக்கு, எங்கே, யாருக்காக, என்ன நிபந்தனையில் வாசிக்கப் போகிறீர்கள் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு மட்டும் அழைத்தவருக்குச் சம்மதம் சொல்லுங்கள்.